மாதத் தவணையைக் கேட்காதீர்கள்... விலையைக் கேளுங்கள்! அமெரிக்காவில் சொகுசு கார் லீஸ் எடுப்பவர்கள் கவனத்துக்கு...

நம் ஊரில் 'லீஸ்' என்றால் வீடுதான் நினைவுக்கு வரும். மொத்தமாக ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது கொடுத்த பணத்தை அப்படியே வாங்கிக்கொண்டு வருவது. போக்கியம், ஒத்தி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். கொடுத்த பணம் திரும்பி வரும் என்பது மட்டும் மாறாது.

அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ 'கார் லீஸுக்கு எடுத்திருக்கிறேன்' என்று போனில் சொன்னால், இங்கிருக்கும் பெற்றோர் பலர் இந்தக் கணக்கில்தான் புரிந்துகொள்கிறார்கள். ஆனால், அங்கே கதை தலைகீழ். தவணையாகக் கட்டும் பணத்தில் ஒரு டாலர்கூடத் திரும்பாது. மூன்று வருடம் ஓட்டிவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்கு வர வேண்டும். 'அப்புறம் எதற்கு லீஸ்?' என்று கேட்டால் அதற்கும் நியாயமான காரணங்கள் இருக்கின்றன. ஆனால், அந்தக் காரணங்கள் பலிப்பதும் பலிக்காததும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு நடக்கும் பேச்சில்தான் இருக்கிறது.

பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ், மெர்சிடிஸ் சி கிளாஸ், லெக்சஸ் ஐ.எஸ், ஜெனிசிஸ் ஜி70 போன்ற சொகுசு ஸ்போர்ட்ஸ் செடான்கள்தாம் அமெரிக்காவில் லீஸுக்கு அதிகம் போகும் கார்களின் வரிசையில் இருப்பவை. வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் ஆன சாஃப்ட்வேர் இன்ஜினீயர்கள் ஆசையோடு பார்ப்பதும் இவற்றைத்தான். ஷோரூமில் அவர்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: 'மாதம் எவ்வளவு கட்டலாம் என்று நினைக்கிறீர்கள்?' அக்கறையோடு கேட்பதுபோலத் தோன்றும் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன நிமிடமே பாதி பேரம் முடிந்துவிடுகிறது.

ஏன் லீஸ்?

சொகுசு கார்கள் முதல் மூன்று நான்கு வருடங்களில் வேகமாக மதிப்பிழக்கும். சொந்தமாக வாங்கியவர் அந்த நஷ்டத்தோடு, வாரன்ட்டி முடிந்த பிறகு வரும் ரிப்பேர் செலவையும் சுமக்க வேண்டும். லீஸ் எடுத்தவருக்கு இரண்டாவது கவலை இல்லை. பி.எம்.டபிள்யூவை எடுத்துக்கொண்டால், அமெரிக்காவில் புது காருக்கு 4 வருடம் அல்லது 50,000 மைல் வாரன்ட்டி. வழக்கமான சர்வீஸ் 3 வருடம் அல்லது 36,000 மைல் வரை இலவசம். 36 மாத லீஸில் வாரன்ட்டி எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இன்னொரு காரணம், விசா. ஹெச்-1பி விசாவில் முதலில் கிடைக்கும் அனுமதி அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். 'அடுத்த மூன்று வருடம் எந்த ஊரில் இருப்போம் என்றே தெரியாது' என்பவர்களுக்கு, மூன்று வருடத்தில் முடிந்துபோகும் ஏற்பாடு பொருத்தமாகத் தெரிகிறது. ஆனால், இதே விசாதான் லீஸை ஆபத்தானதாகவும் ஆக்கும். அது எப்படி என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

வருடத்துக்கு 20,000 மைல் ஓட்டுபவர்கள், ஒரு காரைப் பத்து வருடம் வைத்திருக்கும் பழக்கம் உள்ளவர்கள், வேலை நிச்சயமில்லாத நிலையில் இருப்பவர்கள்... இவர்களுக்கு லீஸ் ஒத்துவராது.

தவணைக்குப் பின்னால் நான்கு எண்கள்

லீஸ் தவணை வானத்திலிருந்து குதிப்பதில்லை. அதற்குப் பின்னால் நான்கே எண்கள்தாம் இருக்கின்றன.

முதலாவது, பேசி முடித்த விலை. காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒரு விலை இருக்கும். 1958-ல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி, ஒவ்வொரு புது காரிலும் அடிப்படை விலையும் ஒவ்வொரு ஆப்ஷனின் விலையும் தனித்தனியாகப் போட்ட ஸ்டிக்கர் இருந்தே ஆக வேண்டும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த செனட்டர் மைக் மன்ரோனியின் பெயரால் அதை 'மன்ரோனி ஸ்டிக்கர்' என்றே சொல்கிறார்கள். அது தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் விலைதான். சொந்தமாக வாங்கினால் இதில் பேரம் பேசுவோம் அல்லவா? லீஸிலும் அதேபோலப் பேசலாம். 'லீஸுக்கு விலை பேச முடியாது' என்று நினைத்து ஸ்டிக்கர் விலைக்கே தலையாட்டுபவர்கள் ஏராளம்.

இரண்டாவது, ரெசிடுவல் வேல்யூ. லீஸ் முடியும் நாளில் காருக்கு என்ன மதிப்பு மிச்சமிருக்கும் என்று லீஸ் கம்பெனி முன்கூட்டியே போடும் கணக்கு. இது ஸ்டிக்கர் விலையில் இத்தனை சதவிகிதம் என்று வரும். இதில் பேரம் கிடையாது. டீலரே நினைத்தாலும் மாற்ற முடியாது.

மூன்றாவது, மனி ஃபேக்டர். இதுதான் வட்டி. ஆனால், சதவிகிதத்தில் சொல்லாமல் 0.0020 என்பதுபோலப் புள்ளிக்குப் பின்னால் சிறிய எண்ணாகச் சொல்வார்கள். இதை 2,400-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய வருட வட்டி வந்துவிடும். 0.0020 என்றால் 4.8 சதவிகிதம். லீஸ் கம்பெனி கொடுக்கும் மனி ஃபேக்டருக்கு மேல் டீலர் கொஞ்சம் ஏற்றிச் சொல்லி, வித்தியாசத்தைத் தன் லாபமாக வைத்துக்கொள்ள முடியும்.

நான்காவது, மாதங்களும் மைல்களும். பொதுவாக 36 மாதம். வருடத்துக்கு 10,000, 12,000 அல்லது 15,000 மைல். மைல் கூடினால் ரெசிடுவல் குறையும். அதனால் தவணை ஏறும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாமா?

உதாரணத்துக்கு, ஸ்டிக்கர் விலை 60,000 டாலர் உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். பேசி 55,000-க்கு முடித்தாயிற்று. லீஸ் ஏற்பாட்டுக் கட்டணம் 1,000 டாலர். ஆக மொத்தம் 56,000. ரெசிடுவல் 58 சதவிகிதம், அதாவது 34,800 டாலர். மனி ஃபேக்டர் 0.0020. காலம் 36 மாதம்.

தேய்மானம்: 56,000-லிருந்து 34,800-ஐக் கழித்தால் 21,200. இதை 36-ஆல் வகுத்தால் மாதம் 588.89 டாலர்.

வட்டி: 56,000-ஐயும் 34,800-ஐயும் கூட்டினால் 90,800. இதை 0.0020-ஆல் பெருக்கினால் மாதம் 181.60 டாலர்.

இரண்டையும் சேர்த்தால் மாதத் தவணை 770 டாலர், வரி தனி.

இதே காரைப் பேரமே பேசாமல் ஸ்டிக்கர் விலைக்கு எடுத்திருந்தால்? தவணை 919 டாலர். மாதம் 149 டாலர் வித்தியாசம். 36 மாதத்தில் அது 5,360 டாலர். விலையை 55,000-க்குப் பேசிய பிறகு, டீலர் மனி ஃபேக்டரை மட்டும் சத்தமில்லாமல் 0.0024 ஆக்கிவிட்டால்? மாதம் 36 டாலர் கூடும். மொத்தத்தில் 1,300 டாலருக்கு மேல். நான்காவது தசமத்தில் நடக்கும் இந்த மாற்றம் எத்தனை பேர் கண்ணில் படும்?

'மாதம் 800 கட்டலாம்' என்று வாய்விட்டவருக்கு 798 டாலரில் ஒரு லீஸ் தயாராகிவிடும். அந்த 798-க்குள் என்ன விலை, என்ன வட்டி, எவ்வளவு முன்பணம் ஒளிந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் கேட்கவும் மாட்டார்.

ஆப்ஷன்: எதற்கு டிக், எதற்கு வேண்டாம்?

சென்னைக்கு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ ஆலை இயங்குகிறது. 3 சீரிஸின் வேகமான வகையான எம்340ஐ, 2021-ல் இந்தியாவுக்கு வந்தபோது அங்கேதான் அசெம்பிள் ஆனது. இந்தியாவில் இத்தகைய கார்கள் பெரும்பாலும் எல்லா வசதிகளும் சேர்ந்த ஒரே வேரியன்ட்டாக வரும். வாங்குபவர் நிறத்தையும் உள்ளலங்காரத்தையும் தேர்ந்தெடுத்தால் போதும். அமெரிக்காவில் அப்படியல்ல. அடிப்படைக் காரை வைத்துவிட்டு, மீதியை ஒவ்வொன்றாக டிக் அடிக்கச் சொல்வார்கள். பெயின்ட்டிலிருந்து ஸ்டீயரிங் சூடாவது வரை எல்லாவற்றுக்கும் தனி விலை. ஒரு மாலை நேரம் லேப்டாப்பில் டிக் அடித்துக்கொண்டே போனால் பத்தாயிரம் டாலர் ஏறியிருக்கும்.

இங்கே லீஸுக்கு மட்டுமே உரிய ஒரு விசேஷம் உண்டு. தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் ஆப்ஷன், ஸ்டிக்கர் விலையில் சேரும். ரெசிடுவல் ஸ்டிக்கர் விலையின் சதவிகிதம் என்பதால், ஆப்ஷனுக்கும் மிச்ச மதிப்பு கிடைத்துவிடும். மேலே சொன்ன கணக்கில் 1,000 டாலர் ஆப்ஷனுக்கு 580 டாலர் ரெசிடுவலில் போய்விடும். மீதியும் வட்டியும் சேர்த்து மாதம் 15 டாலருக்கும் குறைவு. மூன்று வருடத்துக்கு 534 டாலர்.

டீலர் தன் கடையில் பொருத்தித் தரும் சாமான்களுக்கு இந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது. பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு, டயரில் நைட்ரஜன், கண்ணாடியில் காரின் அடையாள எண்ணைச் செதுக்குவது போன்றவற்றுக்கு 1,000 டாலர் என்றால், முழு ஆயிரமும் அதற்கு மேல் வட்டியும் உங்கள் தலையில். மொத்தம் 1,072 டாலர். ஒரே ஆயிரம் டாலர்தான். ஃபேக்டரியில் சேர்ந்தால் பாதி விலை, டீலர் கடையில் சேர்ந்தால் முழு விலை. அதுவும், மூன்று வருடத்தில் திருப்பிக் கொடுக்கப்போகும் காரின் பெயின்ட்டுக்குப் பத்து வருடப் பாதுகாப்பு எதற்கு?

சரி, ஃபேக்டரி ஆப்ஷன்களில் எதைத் தேர்ந்தெடுப்பது? தினமும் கை படுவது எது, எப்போதாவது காட்டிக்கொள்வதற்கு மட்டும் பயன்படுவது எது என்று பிரித்துப் பார்த்தால் பாதிப் பட்டியல் தானாகக் குறைந்துவிடும்.

இன்ஜின்: 3 சீரிஸில் 330ஐ என்பது நான்கு சிலிண்டர், 255 குதிரைத்திறன். எம்340ஐ ஆறு சிலிண்டர், 380-க்கு மேற்பட்ட குதிரைத்திறன். நின்ற நிலையிலிருந்து 60 மைல் வேகத்தை நான்கரை நொடிக்குள் தொட்டுவிடும். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, இரண்டுக்குமே லீஸ் கணக்கு கேட்பது நல்லது. கம்பெனி கொடுக்கும் தள்ளுபடியும் ரெசிடுவலும் மாதத்துக்கு மாதம் மாறும். விலை வித்தியாசம் பெரிதாக இருந்தாலும் தவணை வித்தியாசம் அதே அளவுக்கு இருக்க வேண்டும் என்பதில்லை.

நான்கு சக்கர இயக்கம்: நியூஜெர்சி, சிகாகோ, மிச்சிகன் என்று பனி கொட்டும் ஊர்களில் பயன்படும். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் இருப்பவருக்கு அது அவசியமில்லை.

டயர், வீல்: வேகத்துக்கான 'சம்மர் டயர்' அழகாகப் பிடித்து ஓடும். ஆனால், வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ரப்பர் இறுகி, பிடிமானம் குறைந்துவிடும். குளிர் ஊர்க்காரர்கள் இதை டிக் அடித்தால் குளிர்காலத்துக்கென்று இன்னொரு செட் டயர் வாங்க வேண்டும். பெரிய வீலுக்கு மெல்லிய டயர். சாலைப் பள்ளத்தில் இறங்கினால் ரிம் அடிவாங்கும். நடைபாதையில் உரசினால் கோடு விழும். லீஸ் முடியும்போது அந்தக் கோட்டுக்கும் பில் வரும்.

நிறம், சீட்: மெட்டாலிக் பெயின்ட்டுக்குப் பெரும்பாலும் கூடுதல் விலை. சாதா வெள்ளை, கறுப்புக்கு இல்லை. தோலைப்போலவே இருக்கும் செயற்கை உறைக்கும் நிஜத் தோலுக்கும் இடையே ஆயிரம் டாலரைத் தாண்டும் வித்தியாசம் சகஜம். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால், துடைத்தால் போய்விடும் செயற்கை உறையே நிம்மதி.

பாதுகாப்பு வசதிகள், சீட் சூடாக்கி: இவை தினமும் பயன்படுபவை. பின்னால் சேர்ப்பதும் கடினம். 2022-ல் பி.எம்.டபிள்யூ, சீட் சூடாக்கியை மாதச் சந்தா கட்டி இயக்கிக்கொள்ளும் முறையை தென் கொரியா, பிரிட்டன் போன்ற சில நாடுகளில் கொண்டுவந்தது. ஏற்கெனவே காருக்குள் இருக்கும் பொருளுக்கு மாத வாடகையா என்று எதிர்ப்பு கிளம்ப, மறு வருடமே அதைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆனாலும் மென்பொருள் சார்ந்த சில வசதிகளுக்குச் சந்தா முறை தொடர்கிறது. எந்த வசதி நிரந்தரம், எது சில மாத இலவசத்துக்குப் பிறகு சந்தா கேட்கும் என்று முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

பேரத்தை வீட்டிலிருந்தே தொடங்கலாம்

ஷோரூமில் வேண்டுமென்றே காக்கவைப்பார்கள். பசிக்கும், குழந்தை அழும், 'மேனேஜரிடம் கேட்டு வருகிறேன்' என்று விற்பனையாளர் நாலு முறை உள்ளே போய் வருவார். சலிப்பிலேயே கையெழுத்து விழுந்துவிடும். அதனால், விவரம் தெரிந்தவர்கள் பேரத்தை இமெயிலில் நடத்துகிறார்கள். வேண்டிய மாடலையும் ஆப்ஷன்களையும் முடிவுசெய்துவிட்டு, சுற்றுவட்டாரத்தில் நாலைந்து டீலர்களுக்கு ஒரே கேள்வியை அனுப்புவது: 'தள்ளுபடிக்குப் பின் விலை எவ்வளவு? மனி ஃபேக்டர் என்ன? ரெசிடுவல் எத்தனை சதவிகிதம்? கட்டணங்கள் என்னென்ன? முன்பணம் இல்லாமல் சொல்லுங்கள்.' எழுத்தில் வந்த பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் எங்கே ஏற்றியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். குறைந்த விலை சொன்னவரின் கடிதத்தை மற்றவருக்குக் காட்டலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரங்கநாதன் தெருவில் நாலு கடை ஏறி இறங்குவதன் அமெரிக்க வடிவம்தான் இது.

நேரில் போனால் சில இடங்களில் ஒரு தாளை எடுத்து நான்கு கட்டம் போடுவார்கள். கார் விலை, பழைய காருக்குத் தரும் விலை, முன்பணம், மாதத் தவணை என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். ஒரு கட்டத்தில் விட்டுக்கொடுப்பதுபோலக் காட்டி இன்னொன்றில் பிடித்துக்கொள்வதற்கு வசதியான தாள் அது. முதலில் விலையை மட்டும் முடிக்க வேண்டும். பிறகு மனி ஃபேக்டர். பழைய காரை விற்பது தனிப் பேச்சு. அதற்கு வெளியே வேறு இடங்களிலும் விலை கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

விற்பனை இலக்கு நெருக்கும் மாதக் கடைசியும், புது மாடல் வரும் சமயத்தில் பழைய வருட மாடல்களும் பேரத்துக்குச் சாதகம். சர்வீஸுக்கு வரும் வாடிக்கையாளர்களுக்கு இரவல் கொடுத்து, சில ஆயிரம் மைல் மட்டுமே ஓடிய கார்களையும் டீலர்கள் நல்ல தள்ளுபடியில் லீஸுக்குத் தருவதுண்டு.

விலை முடிந்ததும் பேரம் முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. அடுத்து ஃபைனான்ஸ் அறை. அங்கே டயர்-வீல் இன்ஷூரன்ஸ், நீட்டிக்கப்பட்ட வாரன்ட்டி என்று வரிசையாக வரும். லீஸ் முடியும் வரை கம்பெனி வாரன்ட்டி இருக்கும் காருக்கு நீட்டிப்பு எதற்கு? 'வேண்டாம்' என்று சொல்வதற்குக் காரணம் சொல்லவும் தேவையில்லை.

கையெழுத்துப் போட்ட பிறகு 'மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்' என்று பலர் நம்புகிறார்கள். வீடு தேடி வந்து விற்கும் சில விற்பனைகளுக்கு அமெரிக்க மத்தியச் சட்டத்தில் அப்படி ஓர் அவகாசம் உண்டு. ஷோரூமில் எடுக்கும் காருக்கு அது பொருந்தாது.

வாடிக்கையாளருக்குத் துணை நிற்கும் சட்டமும் ஒன்று இருக்கிறது. 1976-ல் வந்த நுகர்வோர் லீஸ் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் காரின் கணக்கிட்ட விலை, ரெசிடுவல், மொத்த வட்டிக் கட்டணம், பாதியில் முறித்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் எழுதித் தர வேண்டும். மனி ஃபேக்டரை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால், நாமே கண்டுபிடித்துவிடலாம். ஒப்பந்தத்தில் 'ரென்ட் சார்ஜ்' என்று இருக்கும் தொகையை மாத எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை விலையும் ரெசிடுவலும் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். நம் உதாரணத்தில் ரென்ட் சார்ஜ் 6,537.60 டாலர். 36-ஆல் வகுத்தால் 181.60. அதை 90,800-ஆல் வகுத்தால் 0.0020. இதைவிட அதிகமாக வந்தால், பேசியது ஒன்று எழுதியது ஒன்று என்று அர்த்தம். செல்போன் கால்குலேட்டரில் ஒரு நிமிட வேலை.

முன்பணம் கட்டாதீர்கள்

'மாதம் வெறும் 499 டாலர்' என்று விளம்பரம் கண்ணைப் பறிக்கும். கீழே பொடி எழுத்தில் 'கையெழுத்தின்போது 5,000 டாலர்' என்று இருக்கும். அந்த ஐயாயிரத்தை 36-ஆல் வகுத்துச் சேர்த்தால் உண்மையான தவணை 638 டாலர்.

நம் ஊர் வீட்டு அட்வான்ஸ் பழக்கத்தில், முன்பணம் கொடுத்தால் பாதுகாப்பு என்று தோன்றும். இங்கே அதுதான் ஆபத்து. கார் எடுத்த இரண்டாவது மாதம் பெரிய விபத்தில் சிக்கி, இனி ரிப்பேருக்கு உதவாது என்றாகிவிட்டால், இன்ஷூரன்ஸ் பணம் லீஸ் கம்பெனிக்குப் போகும். அதில் குறை விழுந்தால் ஈடுகட்ட 'கேப் இன்ஷூரன்ஸ்' என்ற பாதுகாப்பு பல லீஸ்களில் சேர்ந்தே வரும். ஆனால், நீங்கள் கட்டிய முன்பணத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். முதல் மாதத் தவணை, பதிவுக் கட்டணம், வரி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் மாதத் தவணைக்குத்தான் விற்பனை வரி. டெக்சாஸில் லீஸாக இருந்தாலும் காரின் முழு விலைக்கும் வரி விழும். கலிஃபோர்னியா நண்பர் சொன்ன தவணையை டெக்சாஸில் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். காரின் சொந்தக்காரர் லீஸ் கம்பெனி என்பதால் இன்ஷூரன்ஸையும் அவர்கள் சொல்லும் உயர்ந்த அளவுக்கு எடுக்க வேண்டும். அந்தப் பிரீமியத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நுழைவதைப்போலவே வெளியேறுவதும் முக்கியம்

பேசிய மைலுக்கு மேல் ஓடினால், சொகுசு கார்களுக்கு மைலுக்கு 25 முதல் 30 சென்ட் வரை அபராதம். மூன்று வருடத்தில் 6,000 மைல் கூடுதலாக ஓட்டியிருந்தால், 25 சென்ட் கணக்கில் 1,500 டாலர். தினமும் ஆபீஸுக்குப் போய் வரும் தூரம், வார இறுதியில் குழந்தைகளை வகுப்புகளுக்கு அழைத்துச் செல்லும் தூரம், கோடையில் அம்மா அப்பா ஊரிலிருந்து வந்தால் நயாகராவரை போய் வரும் தூரம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு மைலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

திருப்பிக் கொடுக்கும்போது பெரும்பாலும் சில நூறு டாலர் கட்டணம் இருக்கும். அதே கம்பெனியில் அடுத்த கார் எடுத்தால் பெரும்பாலும் தள்ளுபடி செய்துவிடுவார்கள். கடைசி இரண்டு மாதத்துக்குள் இலவசப் பரிசோதனைக்கு வரச் சொல்லலாம். கீறல், டயர் தேய்மானம் ஆகியவற்றை வெளியே குறைந்த செலவில் சரிசெய்துகொள்ள அது நேரம் கொடுக்கும்.

காரைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பெரும்பாலான ஒப்பந்தங்களில் ரெசிடுவல் தொகையைக் கொடுத்து நாமே வாங்கிக்கொள்ளும் உரிமை இருக்கும். 2021-ல் சிப் தட்டுப்பாட்டால் புது கார் கிடைக்காமல் பழைய கார் விலை எகிறியபோது, மூன்று வருடம் முன்பு குறித்த ரெசிடுவலைவிடச் சந்தை விலை பல ஆயிரம் டாலர் அதிகமாக இருந்தது. விவரம் தெரிந்தவர்கள் வாங்கி விற்று லாபம் பார்த்தார்கள். தெரியாதவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

இனி அந்த விசா விஷயம். ஹெச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், வேறு வேலை தேடவோ விசா நிலையை மாற்றவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். லீஸுக்கு அந்த 60 நாள் கணக்கு தெரியாது. 14-வது மாதத்தில் வேலை போனால், மீதி 22 மாதத் தவணையும் ஒப்பந்தத்தில் அப்படியே நிற்கும். நம் உதாரணக் கணக்கில் அது 16,900 டாலருக்கு மேல். பாதியில் காரைத் திருப்பிக் கொடுத்தாலும் கடன் தீராது. முறிவுக் கணக்கு பல ஆயிரம் டாலரில் வரும். 2022 கடைசியிலும் 2023-லும் பெரிய டெக் நிறுவனங்கள் ஆட்குறைப்பு செய்தபோது, அந்த 60 நாளில் வீட்டு வாடகை, பள்ளி, விமான டிக்கெட்டோடு வாசலில் நின்ற லீஸ் காரும் ஒரு கவலையாகச் சேர்ந்துகொண்டது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, லீஸை வேறொருவர் பெயருக்கு மாற்றுவது. இதைச் சில கம்பெனிகள் அனுமதிக்கும். சில அனுமதிக்காது. இன்னும் சில, மாற்றிய பிறகும் முதலில் எடுத்தவரையே பொறுப்பாக வைத்திருக்கும். இரண்டாவது, வேறு டீலருக்கோ பழைய கார் நிறுவனத்துக்கோ விற்பது. அதற்கும் சில லீஸ் கம்பெனிகள் தடை போடுகின்றன. எந்தக் கம்பெனி எப்படி என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். தள்ளுபடியில் 500 டாலர் குறைவாகக் கிடைத்தாலும், பெயர் மாற்ற அனுமதிக்கும் லீஸ் விசாக்காரருக்கு மேலானது. அதோடு, ஆறு மாதத் தவணையைக் கையில் தனியாக வைத்திருக்க முடியாது என்றால், அந்தக் கார் இப்போதைக்கு நம் சக்திக்கு மேல் என்றே அர்த்தம்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. தள்ளுபடிக்குப் பின் காரின் விலை எவ்வளவு? (மாதத் தவணை அல்ல.)

2. மனி ஃபேக்டர் என்ன? லீஸ் கம்பெனி கொடுத்த அதே எண்தானா, மேலே ஏற்றியதா?

3. ரெசிடுவல் எத்தனை சதவிகிதம்? எத்தனை மைலுக்கு?

4. டீலர் பொருத்திய சாமான்கள் ஏதாவது விலையில் சேர்ந்திருக்கிறதா? எடுத்துவிட முடியுமா?

5. கேப் இன்ஷூரன்ஸ் லீஸிலேயே சேர்ந்திருக்கிறதா?

6. பாதியில் வேறொருவருக்கு மாற்றலாமா? மாற்றிய பின் என் பொறுப்பு தீருமா?

7. முடியும்போது என்னென்ன கட்டணம்? நானே வாங்கிக்கொண்டால் எவ்வளவு?

ஏழுக்கும் எழுத்தில் பதில் தரத் தயங்காத டீலரிடம் தைரியமாகப் பேசலாம். 'அதெல்லாம் எதற்கு, தவணை பட்ஜெட்டுக்குள் இருக்கிறதல்லவா?' என்று பேச்சை மாற்றினால், அடுத்த ஷோரூமுக்குக் கிளம்பலாம். அதே கார், அதே நிறத்தில் அங்கேயும் நிற்கும்.